ஒன்றரை பாட்டில் பெட்ரோல்

காலை ஐந்து மணி இருபது நிமிடம். சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினேன். டிசம்பர் மாதம். மனைவியும் மகளும் ரஜாய்ப் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கினார்கள். என் கையில் ஒரு பிளாஸ்டிக் கேன், ஒரு டார்ச், பால் பூத்தில் பால் வாங்கும் அரை லிட்டர் கண்ணாடி பாட்டில். மாடிப்படிக்கு அடியில் நின்ற மகளின் ஸ்கூட்டரில் கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயைக் கழற்றி, டேங்கில் இருந்த பெட்ரோல் முழுவதையும் கேனில் இறக்கினேன். ரிசர்வ் என்று அடியில் கொஞ்சம் தங்குமே, அதையும் விடவில்லை. பிறகு பாட்டிலால் அளந்து ஒன்றரை பாட்டில் திரும்ப ஊற்றினேன். முக்கால் லிட்டர். கேனைப் பால்கனியில் பழைய செய்தித்தாள்களுக்குப் பின்னால் மறைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி வந்து படுத்துக்கொண்டேன். தூக்கம்கூட வந்தது. அதைத்தான் இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்களுக்கு லக்ஷ்மிபாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், முதல் மாடி. மகளுக்கு ஜனக்புரியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். தில்லி பஸ்ஸில் ஒரு இளம்பெண் நிற்பதென்றால் என்ன என்று அவள் எங்களிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒருநாள் அவள் கைப்பையில் விரல் நீளத்துக்கு ஒரு ஊக்கு கிடந்ததைப் பார்த்து, "இது எதுக்குட்டி?" என்று என் மனைவி கேட்டாள். "பஸ்ஸுக்கும்மா" என்றாள். அவ்வளவுதான். அன்று இரவு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அடுத்த மாதமே, மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடமிருந்து பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். பெண் ஸ்கூட்டர் ஓட்டுவதைக் காலனியே பால்கனியில் நின்று பார்த்தது. அவள் கவலைப்படவில்லை. ஊக்கைப் பையிலிருந்து எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

வண்டியோடு அந்த அதிகாரி கம்பெனியின் விளம்பரத் தாளையும் கொடுத்திருந்தார். வழவழப்பான தாள். படத்தில் ஓர் ஆணும் பெண்ணும் சிரித்துக்கொண்டே போனார்கள். கீழே கட்டை எழுத்தில், லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர். அதை மடித்து என் டைரிக்குள் வைத்துக்கொண்டேன்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அமைச்சகத்தில் ஆபீஸ் வண்டிகளின் லாக் புக் என் மேஜைக்கு வரும். இன்ன வண்டி லிட்டருக்கு இத்தனை ஓட வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தது. யார் போட்டது, எப்படி அளந்து போட்டது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. லாக் புக்கில் அதைவிடக் குறைந்தால் பக்கத்தில் பென்சிலால் 'விளக்கம் தேவை' என்று எழுதுவேன். டிரைவர்கள் வந்து நிற்பார்கள். டிராஃபிக், சாப். வண்டி பழசு, சாப். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தச் சொல்கிறார்கள், சாப். நான் தலை நிமிராமல் கேட்டுக்கொள்வேன். அவர்கள் பெட்ரோலை விற்றுத் தின்கிறவர்கள் என்று என் மனதில் முடிவாகியிருந்தது. அச்சில் ஓர் எண் இருந்தால் அது உண்மை, ஆள்தான் பொய். இருபது வருடம் அப்படித்தான் சம்பளம் வாங்கினேன்.

மழைக்காலத்தில் ஸ்கூட்டரின் மீட்டர் கேபிள் அறுந்துவிட்டது. கரோல் பாகில் கிடைக்கும் என்றார் மெக்கானிக். போகலாம், போகலாம் என்று தள்ளிப்போட்டேன்.

டிசம்பரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் காலனி ஆண்கள் எல்லாம் புல்வெளியில் வெயில் காய்வோம். வேர்க்கடலை, ஆரஞ்சு, ஆபீஸ் வம்பு. அப்புறம் ஆவரேஜ். உன் வண்டி லிட்டருக்கு என்ன கொடுக்கிறது, என் வண்டி இவ்வளவு கொடுக்கிறது என்று அவரவர் பிள்ளைகளின் மார்க்கைச் சொல்வதுபோல ஒரு சண்டை. எல்லோரும் பொய் சொல்வார்கள். கம்பெனித் தாளில் உள்ள எண்ணுக்குக் கீழே யாரும் இறங்கமாட்டார்கள். இறங்கினால் வண்டியை ஓட்டத் தெரியவில்லை என்று அர்த்தம், இல்லையென்றால் யாரோ திருடுகிறான் என்று அர்த்தம்.

கீழ்வீட்டுக்காரர் எங்கள் ஊர்ப் பக்கம், திருநெல்வேலி. என்னைவிட மூத்தவர், தணிக்கை அலுவலகத்தில் பெரிய பதவி. அந்த ஞாயிறு கடலையை உரித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"புள்ள வண்டி என்ன கொடுக்கு தம்பி?"

"அம்பதுன்னு போட்டிருக்கான் அண்ணாச்சி."

"பேங்கு எவ்வளவு தூரம்?"

"போகப் பதினஞ்சு, வரப் பதினஞ்சு."

"வாரத்துக்கு எத்தன லிட்டர் போடுதா?"

"ஆறு லிட்டர் போடுதான்னு நெனைக்கேன்."

கடலைத் தொலியை ஊதிவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். "ஆறு நாளு, முப்பது முப்பதா நூத்தியெம்பது கிலோமீட்டர். நாலு லிட்டர்கூட வேண்டாம். மிச்சம் ரெண்டு லிட்டரு. ரெண்டு லிட்டருன்னா நூறு கிலோமீட்டர் தம்பி. வாரத்துக்கு நூறு கிலோமீட்டர் உங்க புள்ள எங்க போயிட்டு வாரா?"

பக்கத்தில் இருந்தவர்கள் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தினார்கள்.

"மீட்டர் என்ன காட்டுது?" என்றார் விடாமல்.

"கேபிள் அறுந்து கெடக்கு அண்ணாச்சி."

"அறுந்துச்சா, யாராச்சும் அறுத்தாங்களா?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக அவரை நான் மன்னிக்கவில்லை. அவர் இறந்துபோன பிறகும், இதை எழுதும் இந்த நிமிடம்வரைக்கும் மன்னிக்கவில்லை. என்னை மன்னிப்பது பற்றிய பேச்சே இல்லை.

ஊரில் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குக் கீழ்வீட்டுக்காரர் தூரத்துச் சொந்தம். இவர் ஒரு கடிதம் போட்டால் போதும், வரன் கலைந்துவிடும். அந்த வாரம் முழுக்க எனக்கு நூறு கிலோமீட்டர்தான். ஃபைல் பார்க்கும்போது நூறு கிலோமீட்டர். சாப்பிடும்போது நூறு கிலோமீட்டர். மகள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள், களைத்து வந்தால் எங்கே சுற்றிவிட்டுக் களைத்தாள். டிரைவர்களிடமாவது நான் விளக்கம் கேட்டேன். அவளிடம் கேட்கவில்லை.

அதனால்தான் அந்த முக்கால் லிட்டர். தாளில் உள்ள கணக்குக்கு முப்பத்தேழு கிலோமீட்டர் தாங்கும். வேலைக்குப் போய்வர முப்பது. ஏழு கிலோமீட்டர் நான் கருணையோடு விட்டுக்கொடுத்தது. நேரே போய் நேரே வந்தால் வீடு வந்து சேருவாள். வேறு எங்காவது போனால் அங்கேயே நிற்பாள். அதாவது, பிடிபடுவாள்.

அன்று காலை எட்டு மணிக்கு அவள் சோக்கை இழுத்து, ஏழெட்டு உதை உதைத்து, புகை கக்கும் என்ஜினை ஐந்து நிமிடம் நின்றவாறே ஓடவிட்டாள். குளிரில் அப்படிச் செய்யாவிட்டால் அடுத்த தெருவில் நின்றுவிடும். "வாரேன்ப்பா" என்று கையை ஆட்டிவிட்டுப் போனாள். நானும் கையை ஆட்டினேன்.

தினமும் ஆறு மணிக்கு வந்துவிடுவாள். ஆறேகால் ஆயிற்று. ஆறரை ஆயிற்று. வெளியே இருட்டிப் பனிமூட்டம் இறங்கியிருந்தது. என் கணக்கு சரியாகிவிட்டது என்று எனக்குள் ஒரு திருப்தி வந்தது. ஒரு நிமிடம் இருந்திருக்கும். அந்த ஒரு நிமிடத்தை யார் முன்னாலும் என்னால் நியாயப்படுத்த முடியாது.

கீழ்வீட்டுக்காரர் மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு படியேறி வந்தார்.

"புள்ள இன்னும் வரலையாக்கும்?"

"வந்திருவா அண்ணாச்சி."

"வருவா, வருவா. நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. யாரோ ஒரு பெண்மணி, "க்யா ஹுவா?" என்று விசாரித்தாள். "இவங்க பொண்ணு இன்னும் வரல" என்று அவரே இந்தியில் பதில் சொன்னார். அதைச் சொல்ல அவருக்குப் பிடித்திருந்தது.

உள்ளே என் மனைவி பால் வாங்கப் போவதற்காகப் பாட்டிலை எடுத்தாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். காலையில் நான் பாட்டிலைக் கழுவியிருந்தேன். ஆனால் பெட்ரோல் அப்படிப் போகிற வாசனை இல்லை.

"பால் பாட்டில்ல என்ன ஊத்துனீய?"

சொன்னேன். அண்ணாச்சி போட்ட கணக்கு, ஐம்பது, முப்பத்தேழு, ஏழு, எல்லாம் சொன்னேன்.

"அப்போ ரோட்டுல நிக்கட்டும்னு ஊத்தியிருக்கீய."

"வேற எங்கயாவது போனாத்தான் நிக்கும்."

"போகலேன்னா?"

பாட்டிலை மேஜையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். "அந்தக் கண்டோன்மென்ட் ரோட்டுல பகல்லயே ஆள் நடமாட்டம் கெடையாது. போங்க. எம்புள்ளய கூட்டிட்டு வாங்க" என்றாள். நம்ம புள்ள என்று அவள் சொல்லவில்லை.

ஆட்டோ கிடைக்கவே கால் மணி நேரம். ஜனக்புரிவரை போய்த் திரும்ப வேண்டும் என்றதும் டிரைவர் முகத்தைச் சுளித்தார். வயதானவர், போர்வைக்குள் சுருண்டிருந்தார். மகள் வரவில்லை என்றேன். உடனே கைப்பிடியை இழுத்துக் கிளப்பிவிட்டார்.

ரிங் ரோட்டில் விளக்குகள் பனிக்குள் மஞ்சள் மஞ்சளாகக் கரைந்து கிடந்தன. நான் இரண்டு பக்கமும் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். மோத்தி பாகைத் தாண்டியதும், எதிர்ப்பக்கம் தலையோடு போர்வை போர்த்திய ஓர் ஆள் குனிந்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஆண். யாரோ மெக்கானிக் என்று நினைத்தேன். பார்வையை அடுத்த விளக்குக் கம்பத்துக்கு நகர்த்திக்கொண்டேன்.

"வண்டி ரிப்பேரா, பெட்ரோலா?" என்று டிரைவர் இந்தியில் கேட்டார்.

"பெட்ரோல் இருக்கணும். முக்கால் லிட்டர் இருந்தது. லிட்டருக்கு ஐம்பது கொடுக்கிற வண்டி."

"யார் சொன்னது ஐம்பது?"

"கம்பெனி."

அவர் சிரித்த சிரிப்பில் ஆட்டோ ஒரு பக்கம் சாய்ந்தது. "அரே பாபுஜி! கம்பெனிக்காரன் எப்படி அளப்பான் தெரியுமா? காலியான நேர் ரோடு. புது வண்டி. வண்டி மேல ஒல்லியா ஒருத்தன். நாற்பதுல வச்சு, பிரேக்கையும் தொடாம, கியரையும் தொடாம, ஒரே இழுப்பா இழுப்பான். அதுல வர்ற நம்பர் அது. பொய்யில்ல. ஆனா அப்படி ஒரு ரோடு தில்லியில எங்க இருக்குன்னு சொல்லுங்க, இப்பவே உங்கள அங்க கொண்டுபோய் விடுறேன். பைசாகூட வேண்டாம்."

கண்டோன்மென்ட் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னும் பின்னும் லாரி, ஸ்கூட்டர், டாக்ஸி. யாரும் என்ஜினை அணைக்கவில்லை. குளிரில் அணைத்தால் மறுபடி கிளம்பாது. ஓர் அங்குலம்கூட நகராமல் அத்தனை வண்டிகளும் பெட்ரோலைக் குடித்துக்கொண்டு நின்றன. என் மகள் தினமும் இரண்டு தடவை இங்கே நின்றிருக்கிறாள். கோட்டுப் பையில் இருந்த டைரியை எடுத்து, அந்தத் தாளைப் பிரித்து, பின்னால் நின்ற லாரியின் வெளிச்சத்தில் பிடித்தேன். ஐம்பது என்ற எண்ணின் தலையில் ஒரு சின்ன நட்சத்திரம். தாளின் அடிவரியில் இன்னொரு நட்சத்திரம். அதன் பக்கத்தில் எறும்பு வரிசைபோல ஆங்கிலத்தில்: சமதளச் சாலை, சீரான நாற்பது கிலோமீட்டர் வேகம், ஒருவர் மட்டும், சோதனை நிலைமையில்.

அரசாங்கக் கடிதங்களில் அடிக்குறிப்பைத் தேடிப் படிப்பதுதான் என் தொழில். இதை நான் படிக்கவில்லை. எனக்கு வேண்டியது ஒரு பெரிய எண், அது கிடைத்துவிட்டது. பிறகு ஒருநாள் கேபிள் மாற்றி, நானே அதே வழியில் அதே நேரத்தில் ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்று. வாரத்துக்கு நூற்றியெண்பது கிலோமீட்டருக்கு, கிட்டத்தட்ட ஆறு லிட்டர். அந்த நூறு கிலோமீட்டர் எங்கேயும் போகவில்லை. அது ரயில்வே கேட்டிலும் சிவப்பு விளக்கிலும் காலைக் குளிரிலும் புகையாகப் போயிருந்தது.

வங்கி பூட்டிக் கிடந்தது. வாசலில் இரவுக் காவலுக்கு இருந்த சௌகிதார் கரி அடுப்பில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். மகளின் அடையாளத்தைச் சொன்னேன்.

"ஸ்கூட்டர் மேடமா? அஞ்சேகாலுக்கே போயாச்சு சாப். தினமும் அஞ்சேகால்தான். கடிகாரம் மாதிரி. யார்கூடவும் நின்று பேசக்கூட மாட்டாங்க."

நான் கேட்காத விளக்கம். சரியாக அந்த நேரத்தில் கிடைத்தது.

திரும்பும் வழியில் டிரைவரும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே ஓட்டினார். தௌலா குவானுக்கு முன்னால் மரங்கள் அடர்ந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தார். இரண்டு பேரும் இறங்கி, கூப்பிட்டுக்கூடப் பார்த்தோம். என் குரல் பனியில் போய் விழுந்தது. ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் எங்களைப் பார்த்து மெதுவாக்கி, பிறகு போய்விட்டார்கள். அவர்கள் போன திசையைப் பார்த்து இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். இன்றும் சில மாலைகளில் அந்த மோட்டார் சைக்கிள் சத்தம் எனக்குக் கேட்கிறது. மகள் இப்போது வேறு ஊரில், தன் பிள்ளைகளோடு இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டு வாசலில் இறங்கும்போது எட்டு மணி பத்து நிமிடம். படியடியில் ஏழெட்டுப் பேர். கீழ்வீட்டுக்காரர் நடுவில். "போலீஸுக்குச் சொல்லிருவமா தம்பி? ஆனா ஒண்ணு, எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் நாலு பேருக்குத் தெரிஞ்சு போவும், வரனெல்லாம் யோசிச்சுக்கிடுங்க" என்றார்.

"வாய மூடுங்க அண்ணாச்சி" என்றாள் என் மனைவி, மாடிப் பால்கனியிலிருந்து. அவரை அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

என் காது முழுக்க என்ஜின் சத்தத்துக்காகக் காத்திருந்தது. ஒவ்வொரு ஸ்கூட்டர் சத்தத்துக்கும் தலையைத் திருப்பினேன். அதனால்தான் அவள் வந்தது எனக்குத் தெரியவில்லை. சத்தமே இல்லாமல் வந்தாள். தெருத் திருப்பத்தில் தலையோடு போர்வை போர்த்திய ஓர் ஆள், குனிந்து, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு. நான் மோத்தி பாகில் பார்த்த அதே ஆள். பழுப்புப் போர்வை. என் மனைவி சரோஜினி நகர் மார்க்கெட்டில் வாங்கி, குளிருக்காக அவளிடம் கொடுத்திருந்தது.

எட்டு மணி இருபத்தைந்து நிமிடம்.

ஸ்கூட்டரை அதன் இடத்தில் நிறுத்தி, ஸ்டாண்டு போட முயன்றாள். கையில் வலு இல்லை. இரண்டாவது தடவைதான் ஏறியது. போர்வையைத் தலையிலிருந்து இறக்கினாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து கன்றியிருந்தன.

"இவ்வளவு நேரம் எங்கம்மா போன?" என்றார் கீழ்வீட்டுக்காரர்.

"எங்கயும் போகல பெரியப்பா. தௌலா குவான் கிட்ட பெட்ரோல் தீந்துபோச்சு. பம்பு ரெண்டும் ஸ்டாக் இல்லேன்னு பூட்டியிருந்தது. தள்ளிட்டு வந்தேன். ரெண்டு பேரு பைக்ல சுத்திச் சுத்தி வந்தானுங்க. அதான் ஆம்பள மாதிரி போத்திக்கிட்டு, மோத்தி பாக் வந்ததும் அங்க குவார்ட்டர்ஸ் தெருவுக்குள்ள பூந்து வந்தேன்" என்றாள். குரல் நிதானமாக இருந்தது. அவர்களுக்கு அது போதும் என்பதுபோலப் படியேறினாள். நான் பின்னால் ஏறினேன்.

உள்ளே மேஜையில் அந்தப் பால் பாட்டில் அப்படியே இருந்தது. பக்கத்தில் என் மனைவி பால்கனியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கேன். மகள் இரண்டையும் பார்த்தாள். பாட்டிலை எடுத்து மோந்து பார்க்கவில்லை. பார்த்ததே போதுமாக இருந்தது அவளுக்கு. வண்டிச் சாவியை என் முன்னால் வைத்தாள்.

"நேத்து சாயங்காலம்தான் ரெண்டு லிட்டர் போட்டேன்ப்பா. வழியெல்லாம் திருடன்னுதான் நெனச்சேன். ஆனா திருடன்னா மொத்தமா எடுத்துட்டுப் போயிருப்பான். அளந்து மிச்சம் வச்சிட்டுப் போகமாட்டான்."

பிறகு என்னைப் பார்க்காமல் அம்மா பக்கம் திரும்பினாள்.

"நாளையிலேருந்து பஸ்லயே போறேன். அந்த ஊக்கை எங்கம்மா வச்சிருக்க?"